முழுசா வெட்டி எடுத்திருக்கலாம்

பெரியம்மாவின் ஈமக்கடனான அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போய் வந்த அன்று மத்தியானம், வாழையிலையில் சோற்றைக் குழைத்தபடி ஒரு உறவுக்காரர் சொன்னார்: "அப்பவே முழுசா வெட்டி எடுத்திருக்கலாம். அரைகுறையா விட்டபடியாத்தான் ஈரலுக்குப் போட்டுது." பந்தியில் இருந்த நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் பருப்பு வாளியோடு அவருக்கு நேரே நின்றேன். வாய் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பருப்பு விடட்டா என்று மட்டும் கேட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டது இன்றுவரை தொண்டையில் மீன்முள் மாதிரிக் கிடக்கிறது. பெரியம்மாவின் புற்றுக்கட்டியைப் பற்றி அவர் சொன்னது பிழை என்று எனக்குத் தெரியும். ஆனால் 2022 மே மாதம் அதே வசனத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். பிறகு எந்த வாயால் மறுத்துப் பேசுவது?

பெரியம்மா கோண்டாவிலில் தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற தையல் ரீச்சர். ஒரே மகன், எனக்கு அண்ணா, ரொறன்ரோவில். 2021 நடுப்பகுதியில் இருந்தே அவருக்கு மலம் போகும்போது இரத்தம் போயிருக்கிறது. எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னதும் என் மனைவியிடம்தான், அதுவும் கிணற்றடியில் வைத்து, "பின்பக்கத்தில ஒரு சின்னக் கரைச்சல் பிள்ளை" என்று. அந்த இடத்துக்கு எங்களிடம் மரியாதையான சொல் ஒன்று கிடையாது. இருப்பது ஒன்று ஏசுகிற சொல், மற்றது பாடப்புத்தகச் சொல். பக்கத்து மானிப்பாயில் இருந்துகொண்டு அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் 1860களிலேயே சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் அச்சடித்தார் என்று பெருமைப்படுகிறோம். அவர் உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் சொல் தேடிய ஊரில், நூற்றைம்பது வருடம் கழித்தும் ஒரு மனுசி "பின்பக்கம்" என்பதற்கு மேல் சொல்ல வழியில்லாமல் நிற்கிறார்.

மூலம் என்று தானே முடிவு கட்டி, துத்தி இலையும் கருணைக்கிழங்குமாக நாலு மாதம் ஓட்டியிருக்கிறார். பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினார். அங்கே இருந்த டொக்டர் மூன்று கேள்வி கேட்டு, ஒரு கிறீமும் மலமிளக்கியும் எழுதி அனுப்பிவிட்டார். கையுறை போட்டு விரலால் சோதிக்க ஒரு நிமிடம் போதும். அவர் கேட்கவில்லை, பெரியம்மாவும் காட்ட விரும்பவில்லை, இரண்டு பேருக்கும் அது வசதியாகப் போய்விட்டது. கடைசியில் "இது மூலத்தின்ர இரத்தம் மாதிரித் தெரியேல்லை, பெரியாஸ்பத்திரியில போய்க் காட்டு" என்று அடித்துச் சொன்னது எங்கள் ஊர்ப் பரியாரியார். நாட்டு வைத்தியம் என்றால் வாய்க்கு வந்தபடி பேசும் என் போன்றவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

சோதித்த அன்றே நிபுணர் கட்டியைக் கண்டுவிட்டார். மலவாசலுக்குச் சற்று உள்ளே, நாவற்பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்டிய மாதிரி, கறுப்பாக. துண்டெடுத்து பயொப்சிக்கு அனுப்பினார்கள். மேலதிகச் சாயங்கள் போட்டுப் பார்க்கவேண்டும் என்றார்கள், மூன்று கிழமை போனது. வந்த ரிப்போர்ட்டில் மெலனோமா என்று இருந்தது.

எனக்கு அந்தச் சொல் தெரியும். வெயிலில் கிடக்கும் வெள்ளைக்காரருக்குத் தோலில் வருவது என்றுதான் தெரியும். வெயிலே படாத இடத்தில் எப்படி? தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே கலங்கள் மலவாசலின் உட்சுவரிலும் இருக்கின்றன. அவை கெட்டுப்போனால் அங்கேயும் இது வரும். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலவாசலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அளவில்தான் இந்த வகை. பெண்களுக்குக் கொஞ்சம் கூட. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கட்டிகளில் கறுப்பு நிறமே இருக்காது, அதனால் மூலம் என்றோ சதை வளர்ச்சி என்றோ கடந்து போய்விடுவார்கள். பெரியம்மாவுடையது கறுத்துத்தான் இருந்தது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சின்ன மாமாவின் பை

நான் ஏன் முழுசாக வெட்டச் சொன்னேன் என்பதற்குச் சின்ன மாமாவின் கதையைச் சொல்லவேண்டும். பெரியம்மாவின் தம்பி. 1993இல் அவருக்கு மலக்குடலில் புற்றுநோய். அது எல்லோருக்கும் வருகிற சாதாரண வகை. மலக்குடலையும் மலவாசலையும் சேர்த்து எடுத்து, இடது பக்க வயிற்றில் துவாரம் வைத்துவிட்டார்கள். மலம் வந்து விழ வெளியே பை. பை என்று நான் எழுதுகிறேனே தவிர, பொருளாதாரத் தடைக் காலத்தில் அதற்கென்று செய்த பை எங்கே கிடைத்தது? பழைய வேட்டித் துண்டு, பொலித்தீன், இடுப்பில் சுற்ற ஒரு பட்டி. அந்தப் பட்டியைத் தைத்தது பெரியம்மா. மூன்று வித்தியாசமான அளவில் தைத்து, எது வழுக்காமல் நிற்கிறது என்று பார்த்து, அதையே மாதிரி வைத்து ஒரு டசின் தைத்தார். சவுக்காரம் யானை விலை விற்ற நாட்களில் சாம்பல் போட்டுத் துணி அவித்ததும் அவர்தான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக அடி அடியாக நகர்ந்துகொண்டிருந்தோம். மாமாவின் பட்டி நனைந்து கழன்றுவிட்டது. பெரியம்மா தன் சேலைத் தலைப்பை விரித்து அவரைச் சுற்றி மறைத்துக்கொண்டு, அந்த நெரிசலுக்குள்ளேயே துணி மாற்றினார். பின்னால் வந்த சனம் ஏசவில்லை, இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போனது. எனக்கு அப்போது பதினொரு வயது. லாம்பைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் தந்திருந்தார்கள்.

மாமா 2007 வரை இருந்தார். பதினாலு வருடம். செத்தது நெஞ்சு வலியில். கோயில், கலியாண வீடு என்று எங்கும் வரமாட்டார், முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையோடு அவருடைய உலகம் முடிந்தது. ஆனாலும் இருந்தார். வெட்டி எடுத்தார்கள், ஆள் தப்பியது: இதுதான் எனக்குள் பதிந்திருந்த கணக்கு. அந்தக் காலத்தில் மற்றப் புற்றுநோய்க்காரர் கொழும்புப் பக்கம் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினால் திரும்பி வருவாரா என்றுதான் ஊர் பேசும்.

உள்பாவாடை நாடா

2022 மே. பெற்றோலுக்கு மைல் கணக்கில் வரிசை. தெரிந்த ஓட்டோக்காரத் தம்பி போத்தலில் ஒளித்து வைத்திருந்த கடைசி எண்ணெயில் எங்களைக் கொண்டுபோய் விட்டார். முதல் நாள் இரவு முழுக்க அண்ணா ரொறன்ரோவில் இருந்து வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக்கொண்டிருந்தார். "பெரிய ஒப்பரேஷனே செய்யச் சொல்லடா. பையைப் பற்றி யோசிக்காதேங்கோ, இஞ்ச இருந்து அனுப்புறன்." அனுப்பியும்விட்டார். முடிவு எடுப்பதற்கு முன்பே ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. முப்பது பை, ஒட்டும் தகடு, பசை, துடைக்கும் கடதாசி. நாட்டில் பனடோலுக்கே தட்டுப்பாடான நேரம் அது. பெட்டியைத் திறந்து பார்த்த பெரியம்மா ஒரு பையை வெளியே எடுத்து, தையல்காரரின் விரலால் அதன் விளிம்பைத் தடவி, "என்ன நேர்த்தியா ஒட்டியிருக்கிறாங்கள்" என்றார். திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

சி.ரி. ஸ்கானில் ஈரலும் நுரையீரலும் சுத்தம். தொடையிடுக்கில் நெறியும் கட்டவில்லை. எனவே ஒப்பரேஷன் செய்யலாம், எந்த ஒப்பரேஷன் என்பதுதான் கேள்வி என்றார் நிபுணர். என்னைவிட நாலைந்து வயது குறைந்தவராக இருப்பார். பாவிக்காத ஒரு இரத்தப் பரிசோதனைப் படிவத்தைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். ஒரு குழாய், அதன் வாயைச் சுற்றி இரண்டு வளையம். வளையம் சுருக்குத்தசை, மலத்தை அடக்கி வைப்பது அதுதான். கட்டி வளையத்துக்குச் சற்று மேலே. ஒரு வழி, கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு மட்டும் கீழ்வழியால் வெட்டி எடுப்பது. வளையம் அப்படியே இருக்கும். மற்ற வழி, வயிற்றாலும் கீழாலும் போய் மலக்குடல், வளையம், மலவாசல் எல்லாவற்றையும் எடுத்து, கீழே தைத்து மூடி, நிரந்தரமாகப் பை வைப்பது.

"நான் முதலாவதைத்தான் சொல்லுவன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி, மருந்தில்லை, மயக்க ஊசிக்கும் தட்டுப்பாடு, அதனால் சின்னதாக முடிக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். "முழுசா வெட்டி எடுத்தா என்ன? அரைகுறையா விட்டுப் பிறகு பரவினா?" என்று கேட்டேன். மாமாவின் பதினாலு வருடத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பதில் சொல்ல வாய் திறக்கும்போது பெரியம்மா குறுக்கிட்டார்.

"தம்பி, எனக்குப் பைக்குப் பயமில்லை. பையோட ஒருத்தனை நான் பதினாலு வருசம் பார்த்தனான். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. பெரிசா வெட்டினா எனக்கு எவ்வளவு காலம்? சின்னதா வெட்டினா எவ்வளவு?"

அவர் பேனையை மூடினார். "ரெண்டுக்கும் ஒரே அளவுதான் அம்மா."

"ஒரே அளவெண்டா?"

"இந்த வருத்தம் இரத்தத்தோட ஓடுற வருத்தம். ஓடுறதெண்டா நாங்கள் காண முதலே ஓடியிருக்கும், ஸ்கானில தெரியாத அளவில. கீழ எவ்வளவு வெட்டினாலும் அதைப் பிடிக்கேலாது. பெரிசா வெட்டினா அதே இடத்தில திரும்ப வாறது கொஞ்சம் குறையலாம். ஆயுள் கூடுறதாத் தெரியேல்லை."

பெரியம்மா அந்தப் படத்தைத் தன் பக்கம் திருப்பி, வளையத்தில் விரல் வைத்தார். "இது உள்பாவாடை நாடா மாதிரி என்ன?"

"ஓம் அம்மா, அதேதான்."

"அப்ப நாடாவை விடுங்கோ."

அவ்வளவுதான். நான் ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்கத் தயாராக வந்திருந்தேன். அவர் கிளினிக் கொப்பியை மடித்து உறைக்குள் வைத்துவிட்டார். பைக்குப் பயந்துதான் மறுக்கப்போகிறார், அந்தப் பயத்தைப் பேசிக் களையவேண்டும் என்று இரவு முழுக்க வசனம் யோசித்து வைத்திருந்தேன். ஒருத்தரின் பையை வருடக்கணக்கில் அவித்துக் கழுவிய மனுசிக்கு அதில் என்ன பயம்? அவர் கேட்டது விலை. கொடுப்பதற்கு ஏற்ற சாமான் கிடைக்குமா என்று மட்டும்தான்.

வெளியே வரும்போது நான் மட்டும் திரும்பிப் போய், "நிச்சயமா டொக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இது அரிதான நோய். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் பல வருடமாகச் சேர்த்து வைத்த பழைய பதிவுகளைத்தான் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெரிய ஒப்பரேஷன் செய்தவர்களுக்குக் கட்டியும் பெரிதாக இருந்திருக்கலாம். எனவே சத்தியம் பண்ணிச் சொல்லமுடியாது, ஆனால் தன் தாயென்றாலும் இதைத்தான் செய்வேன் என்றார். சத்தியம் பண்ணாததால்தான் அவரை நம்பினேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

கத்தியின் கணக்கு

அதன் பிறகு மின்வெட்டு இரவுகளில் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நிறைய வாசித்தேன். மாமாவுக்குச் செய்த ஒப்பரேஷனை 1908இல் விபரித்தவர் லண்டனைச் சேர்ந்த ஏர்னஸ்ட் மைல்ஸ். அதற்கு முன் அவர் கீழ்வழியால் மட்டும் வெட்டிய நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் நோய் திரும்பி வந்திருக்கிறது. ஏன் என்று தேடிப் பார்த்தபோது, நோய் மேல்நோக்கி நிணநீர் வழியே ஏறியிருப்பதைக் கண்டார். அதனால் வயிற்றாலும் போய் அந்த வழியையும் சேர்த்து எடுத்தார். சாதாரண மலக்குடல் புற்றுநோய் பெரும்பாலும் படி ஏறுகிற மாதிரித்தான் போகும். பக்கத்துக் கொழுப்பு, அதில் உள்ள நிணநீர் முடிச்சுகள், பிறகு அதற்கு மேல். படியோடு சேர்த்துப் பெயர்த்தால் நோயும் போகும். 1982இல் பில் ஹீல்ட் என்ற இன்னொரு ஆங்கிலேயர் அந்தக் கொழுப்பை உறை கிழியாமல் முழுதாகக் கழற்றி எடுக்கும் முறையை எழுதினார். அந்த நோயில் கத்தி எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவு ஆயுள். சின்ன மாமாவின் பதினாலு வருடம் அந்தக் கணக்கில் வந்தது.

மெலனோமா படி பார்த்து ஏறுவதில்லை. அதனால் ஒரு நோயின் கணக்கை இன்னொரு நோயில் போட்டுப் பார்த்தது என் பிழை. பெயர் ஒன்றாக, இடம் ஒன்றாக இருந்தால் நோயும் ஒன்றுதான் என்று எண்ணிவிட்டேன். மார்புப் புற்றுநோயிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. மார்பையும் அதன் கீழ்த் தசையையும் சேர்த்து எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று பல தசாப்தங்களாக வெட்டினார்கள். கட்டியை மட்டும் எடுத்தாலும் ஆயுள் குறையவில்லை என்று பேர்னார்ட் ஃபிஷரின் குழு 1985இல் ஆய்வு நடத்திக் காட்டியது. அங்கே ஆயிரக்கணக்கில் நோயாளிகள் இருந்தார்கள், ஒப்பிட முடிந்தது. பெரியம்மாவின் நோய்க்கு அந்த வசதி இல்லை.

ஒப்பரேஷன் முதுகில் ஊசி போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர்ப் பேசினில் இருக்கவேண்டும். காஸ் இல்லை. ஊமலும் தேங்காய்ப் பொச்சும் எரித்து என் மனைவி தண்ணீர் கொதிக்க வைத்தார். ரிப்போர்ட்டில், வெட்டிய விளிம்பில் புற்றுக் கலம் இல்லை, மிகக் கிட்டிய இடத்தில் 3 மில்லிமீற்றர் இடைவெளி என்று இருந்தது. நான் அதை வாசித்துக் காட்டியதும் பெரியம்மா கைவிரலில் அளந்து பார்த்து, "தையலுக்குக் கால் அங்குலம்கூட விடேல்லை. என்ர பிள்ளையள் இப்பிடி வெட்டினா நான் மார்க்ஸ் போடமாட்டன்" என்றார். அடுத்த கிளினிக்கில் இதை நிபுணரிடமும் சொன்னார். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அந்த ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாளும் போனார். அடுத்த வருடமும். கொதிமணலில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, தேர் இருப்பிடத்துக்கு வரும்வரை நின்றார். தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஸ்கானும் கிளினிக்குமாகத் தவணை தவறாமல் போய் வந்தோம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து பணம் சேர்த்துக் கட்டிய ஆஸ்பத்திரி அது. அதில் நடந்தவர்களில் சிங்களவர்கள் நிறையப் பேர் என்று பெரியம்மா ஒவ்வொரு தடவையும் எனக்குச் சொல்வார், நான் முதல் தடவை கேட்பது போல.

2023 ஒக்ரோபரில் ஈரலில் கண்டார்கள். நுரையீரலிலும் இரண்டு புள்ளி. புதிய வகை ஊசிகளைப் பற்றிப் பேசினோம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிறவை. தோல் மெலனோமாவில் நன்றாக வேலை செய்கிற அவை உள்சுவர் மெலனோமாவில் அந்த அளவுக்குக் கேட்பதில்லை. அண்ணா காசுக்குத் தயாராகத்தான் இருந்தார், அதற்குள் உடம்பு விட்டுவிட்டது. நவம்பரில் நிபுணர் திரும்பவும் கீழே சோதித்துப் பார்த்தார். வெட்டிய இடத்தில் ஒன்றுமில்லை, தழும்பு மட்டும், சுத்தமாக இருக்கிறது என்றார். நான் கேட்காமலே என்னைப் பார்த்து அதைச் சொன்னார். பெரியம்மா 2024 தைப்பொங்கலுக்கு ஐந்து நாள் முன்பு போனார். ஒப்பரேஷனுக்குப் பிறகு 20 மாதம், அதில் 17 மாதம் தன் கிணற்றில் தானே தண்ணீர் அள்ளினார்.

பந்தியில் அந்த உறவுக்காரருக்கு நான் சொல்லியிருக்கவேண்டியது இவ்வளவும்தான். நோய் திரும்பி வந்தது வெட்டிய இடத்தில் இல்லை. அரைகுறையாக விட்டது என்றால் ஒப்பரேஷனுக்கு முன்னால் போன அந்த எட்டு மாதத்தைச் சொல்லலாம். முன்பே கண்டிருந்தாலும் தப்பியிருப்பார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்த எட்டு மாதத்தைப் பற்றிச் செத்த வீட்டிலும் அந்தியேட்டியிலும் ஒருவரும் மூச்சு விடவில்லை. அதைப் பேசுவதென்றால் அந்த இடத்தின் பெயரைச் சொல்லவேண்டும், சாப்பிடும் இடத்தில் யார் சொல்வது? ஈரல் என்றால் எல்லோரும் தாராளமாகச் சொல்கிறார்கள்.

அண்ணாவின் பெட்டி அலுமாரியின் மேல் இருந்தது. பங்குனியில் அதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். வாங்கில் ஊர்காவற்றுறைப் பக்கத்து ஐயா ஒருவர் சரத்துக்கு மேலே சால்வையால் வயிற்றை மூடிக்கொண்டு இருந்தார். மிஸ்ஸி அவரைக் காட்டினார். பெட்டியைக் கொடுத்தேன். அவர் திறந்து, ஒவ்வொன்றாக எண்ணினார்.

"முப்பதும் அப்பிடியே கிடக்கு. ஒண்டும் பாவிக்கேல்லையோ தம்பி?"

"இல்லை ஐயா. பெரியம்மாவுக்குத் தேவைப்படேல்லை."

"அப்ப அவ குடுத்து வச்சவ" என்றார் அவர், மூடியைத் திரும்ப ஒட்டிக்கொண்டே.